பொருள்: தொடர்பாக

பாலக்கோட்டில் ஒரு தெருக்குழாயின் வால்வு உடைந்தால் அதியமானுக்குப் புரையேறும். மனு எழுத உட்காருபவர் நம் முன்னுரைத் திலகம் ஆயிற்றே! திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குள் மனு தயாராக வேண்டும். அவர் நிதானமாகத் தாளை மடித்து, மார்ஜின் போட்டு, கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட தகடூர் மண்ணிலிருந்து தொடங்குவார். இரண்டாம் பத்தியில் ஔவைக்கு நெல்லிக்கனி கிடைத்துவிடும்; தெருவுக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது. மூன்றாவதில், 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரியும். 2004இல் கிருஷ்ணகிரியும் பிரிந்து போகும். ‘இத்தகைய சிறப்பு வாய்ந்த மாவட்டத்தில்’ என்று அவர் மூச்சு வாங்கும்போது தாளில் நாலு விரல் இடம்தான் மிச்சம். வால்வு, பத்து நாள், குடத்தோடு அலையும் பெண்கள் எல்லாரும் அதற்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியதுதான். மனு தொல்லியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தாலும் அதிகாரியைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அரசாங்கக் கடித வடிவமே இவருக்காகச் செய்ததுபோல இருக்கிறது. அனுப்புநர், பெறுநர் முடிந்ததும் ‘பொருள்’ என்று ஒரு வரி வருகிறது. என்ன வேண்டுமென்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு என்பதற்கான இடம் அது. திலகம் அங்கே எழுதுவது: ‘குறைகளைக் களையக் கோருதல் – தொடர்பாக.’ எந்தக் குறை? அதைத்தான் சொல்ல மாட்டார். ‘வால்வு உடைந்து பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, மாற்றித் தர வேண்டும்’ என்று எழுதினால் யாராவது ‘நேத்து வந்துதே’ என்று மறுக்கலாம். மறுக்க இடமிருக்கும் வாக்கியம்தான் ஒரு கட்டுரையைத் தாங்கும். அதை நிலைநாட்ட அடுத்த வரி ஓடிவந்தாக வேண்டும். ‘தண்ணீர் உயிர்களுக்கு இன்றியமையாதது’ என்பதை மறுக்கப் பாலக்கோட்டில் ஆள் கிடையாது. மறுப்பு இல்லாததால் ஆதாரம் தேவையில்லை. ஆதாரம் தேவையில்லாததால் அடுத்து எழுத ஒன்றும் இல்லை. ஆகவே அதியமான் வருகிறான்.

பழியை முழுக்க அவர் தலையில் போடுவது நியாயமில்லை. பள்ளித் தேர்வில் முன்னுரை முதல் முடிவுரை வரை உட்தலைப்புகளைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் ‘நீரின் சிறப்பு’ என்று எழுதி ஸ்கேலால் அடிக்கோடு போடுகிறார்கள். அது ஒரு பெயர், வாக்கியம் இல்லை. நீரைப் பற்றி என்ன சொல்லப்போகிறாய் என்று அந்தப் பெயர் கேட்காது. ஆகவே அதன் கீழே எது வேண்டுமானாலும் வரலாம், வருகிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடையின் மேலடுக்கைப் பார்த்து மட்டும் யாரும் விலை பேசுவதில்லை. கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதும் அதே பழம்தானா என்று பார்ப்பார்கள். பத்தியின் முதல் வாக்கியத்துக்கும் அதே சோதனைதான். விடைத்தாளுக்குள் அப்படிக் கைவிட்டுப் பார்க்க நாம் மெனக்கெடுவதில்லை. அடிக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மார்க் போடுகிறோம். எரிச்சலான விஷயம் இதுதான்: பன்னிரண்டு வருஷம் படித்து வெளியே வருகிற பிள்ளைக்குத் தன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு வரி எழுத வரவில்லை.

பாயிரம் நம் மரபல்லவா என்று திலகத்தின் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். மரபுதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுக்கிறது. அவற்றில் ‘நுதலிய பொருள்’ ஒன்று, ‘பயன்’ இன்னொன்று. நம்மவர் நிறைவேற்றுவது ‘ஆக்கியோன் பெயர்’ மட்டும், அதுவும் பட்டங்களோடு. அதே நூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல், கூறியது கூறல், சென்று தேய்ந்து இறுதல், மூன்றும் அவருக்குக் கைவந்தவை. குன்றக் கூறலாவது அவரை அண்டாது என்று பார்த்தால், வால்வு விஷயத்தில் அதுவும் வந்துவிடுகிறது.

எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதையா என்பது அடுத்த கேள்வி. ஒரு வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொல்வோம்; அது அழகு. ஆனால் அங்கே எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்தால் நமக்குத் தெரியும். ‘விஷயத்துக்கு வாங்கண்ணே’ என்று அவரே சொல்லவும் செய்யலாம். தாளுக்கு அந்த வாய் இல்லை. திலகத்துக்கோ அந்த மரியாதையை விட மனசு வராது. தெருவில் யார் கேட்டாலும் பைசா வாங்காமல் எழுதிக் கொடுக்கிற மனுஷர், கலெக்டரிடம் வெறுங்கையோடு போவாரா? அதியமானைக் கூட்டிக்கொண்டுதான் போவார். எல்லாம் முடிந்து, ‘ஆவன செய்யுமாறு பணிவன்புடன்’ கையெழுத்தும் போட்ட பிறகு, பக்கத்தில் நிற்கும் அக்கா யாராவது ‘எந்தத் தெருன்னு போட்டீங்களாண்ணா?’ என்று கேட்பார்.

திலகம் பேனா மூடியை மறுபடி கழற்றி, ‘பி.கு.’ என்று எழுதுவார்.