கணக்கு வராத டேலி கிளார்க்

மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். மாப்பிள்ளை பி.இ., எம்.பி.ஏ. மகள் பி.காம். சம்பந்தி பி.எஸ்சி. அவருடைய தம்பிகூட டி.எம்.இ. என் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு கமாவுக்குக்கூட வேலையில்லை.

எர்ணாவூரில் வீடு. கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். இருபதடிப் பெட்டி எத்தனை, நாற்பதடி எத்தனை, எதில் சீல் உடைந்திருக்கிறது என்று முப்பது வருஷமாக எண்ணிக் கொடுக்கிறேன். ஒரு பெட்டி தவறியதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் மட்டும் 18, 21, 17. கடைசி இரண்டும் பிரைவேட்டாகக் கட்டி எழுதியது.

பத்தாவது கிடக்கட்டும், நேரே பி.ஏ.வுக்குத் தாவிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (என் கணக்கு தெரிந்ததுதானே.) ஆனால் ஆதாரமில்லாமல் போடவில்லை. 1985ஆம் வருஷத்து யூ.ஜி.சி. விதிப்படி, பள்ளிப் படிப்புக்குச் சான்று இல்லாதவரும் 21 வயது நிரம்பி நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைதூரக் கல்வியில் பட்டப்படிப்பில் சேரலாம். போகப் போக, பி.ஏ. இல்லாதவருக்கும் நேரே எம்.ஏ. கிடைத்தது. அஸ்திவாரம் போடாமல் மொட்டை மாடி கட்டிய கதை. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த எம்.ஏ. செல்லாது என்றது. அதே வருஷம் ஆகஸ்டில், பத்தும் பன்னிரண்டும் தாண்டாமல் வாங்கிய திறந்தவெளிப் பட்டம் அரசு வேலைக்கு உதவாது என்று தமிழக அரசும் ஆணை போட்டது.

எனக்கு எதற்கு அரசு வேலை? பத்திரிகையில் இரண்டு எழுத்து போதும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருப்பது சைதாப்பேட்டையில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியவனை மகள் வாசலில் மடக்கினாள்.

"நைனா, இப்ப ப்ளஸ் டூ இல்லாம டிகிரிக்குச் சேக்க மாட்டாங்க. மொதல்ல டென்த்து."

டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததே, அது பெட்டியையும் விடவில்லை. மார்க் ஷீட்டில் தமிழ் 61 அழிந்துவிட்டது. இங்கிலீஷ் 43 கறுத்துவிட்டது. கணக்கு 18 மட்டும் நேற்று எழுதினது போலப் பளிச்சென்று இருந்தது.

மாநில வாரியத்தில் தனித்தேர்வராகப் புதிதாக எழுதலாமா என்று பார்த்தேன். பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சிக்கலில்லை, முடிந்து நாற்பது வருஷமாகிறது. ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில் பெயர் கொடுத்து 80 சதவீதம் வருகை காட்ட வேண்டும். என் மூக்குக் கண்ணாடி வயதில் இருக்கிற பிள்ளைகளோடு வரிசையில் நின்று பிப்பெட்டில் உறிஞ்சுவதா? போதாக்குறைக்கு, அங்கேயும் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் மகளே வழி சொன்னாள்: தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். பதினாலு வயதுக்கு மேல் யாரும் சேரலாம், உச்ச வயது கிடையாது. ஐந்து பாடம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாவற்றுக்கும் மேல், கணக்கு கட்டாயமில்லை.

"மூணுக்கே மூச்சு வாங்குச்சு, இன்னாய்யா ஒம்போது?" என்றாள் மனைவி. அவள் ப்ளஸ் டூ பாஸ், வீட்டில் அதிகாரி.

"பத்துக்கு ஒண்ணு, பன்னெண்டுக்கு ரெண்டு, டிகிரிக்கு மூணு. அம்பத்து நாலோட கூட்டினா அம்பத்தொம்பது. ரிட்டயர் ஆவறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"அறுவது" என்று திருத்தினாள்.

தமிழ், சமூக அறிவியல், வணிகம், ஓவியம் என்று நாலு தேறிற்று. கணக்குக்குப் பயந்து ஐந்தாவதாக மனையியலை டிக் செய்தேன். அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டென்று பிறகுதான் தெரிந்தது. பாலைப் பொங்கவிட்டு மட்டுமே பழகினவன் நான். இப்போது யார்டிலிருந்து வந்ததும் காசிமேட்டுக் கவலை மீனை ஆய்கிறேன். மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்பு பார்க்கிறாள். முப்பது வருஷத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, என் பெயர் மொட்டையாகத்தான். தை மாதம் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிடுங்கள். சம்பந்தி வீட்டில் யாராவது என் படிப்பை விசாரித்தால், படித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். பொய்யில்லை, ஃபீஸ் கட்டியாகிவிட்டது.