ஏறித்தொலைத்த வருஷம்

கால்பந்து ஸ்டேடியம் என்றால் நாலு பக்கமும் காலரி இருக்கும் என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தின் பிரீக்கின் ஊருக்கு ஒரு நடை போய்வரலாம். கிளீப் பார்க் என்ற அந்த மைதானத்தின் ஒரு பக்கத்தில் காலரிக்குப் பதில் உயிர்வேலி. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளர்ந்து, சீராகக் கத்தரித்த பச்சைச் சுவர். ஓடிவரும் விங்கர் பிரேக் பிடிக்க மறந்தால் செடிக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். மற்ற கிளப்புகள் கோப்பைகளைக் காட்டிப் பீற்றிக்கொள்ளும். பிரீக்கின் சிட்டி வேலியைக் காட்டும்.

பெயரில் 'சிட்டி' இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. ஊர் ஜனத்தொகை 7,000 சொச்சம். பழைய கதீட்ரல் ஒன்று இருக்கும் தயவில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. ஊர் அமைந்திருக்கும் ஆங்கஸ் பகுதி முழுவதையும் கூட்டினாலும் 1,20,000 பேர் தேறமாட்டார்கள். ஆனால் ஆர்ப்ரோத், ஃபார்ஃபர், மான்ட்ரோஸ், பிரீக்கின் என்று நாலு கிளப்புகள் அங்கிருந்து தேசிய லீகில் ஆடியிருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் உச்சாணிக் கொம்பில் 12 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று பத்துப் பத்தாக மூன்று அடுக்குகள். பத்து அணிகளை வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்ட வேண்டுமே! ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதையும் நாலு முறை சந்திக்கும். ஆக 36 ஆட்டங்கள். சம்பந்தி வீட்டாரைக்கூட யாரும் வருஷத்தில் இத்தனை முறை பார்ப்பதில்லை. கீழ் அடுக்குகளில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருபவர்கள். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மட்டும் அவர்கள் ஹீரோ.

இப்படி நிம்மதியாக இருந்த பிரீக்கினுக்கு 2017இல் கெட்ட நேரம் பிறந்தது. அணி மேலே ஏறிவிட்டது.

லீக் ஒன்னில் அந்த ஆண்டு அவர்கள் பிடித்தது நாலாவது இடம். ஆனால் இரண்டு, மூன்று, நாலாம் இடக்காரர்கள், மேல் அடுக்கில் ஒன்பதாவதாக வந்தவரோடு பிளே-ஆஃப் ஆடலாம் என்று விதி இருந்தது. ரெய்த் ரோவர்ஸை பெனால்டி ஷூட்-அவுட்டில் தாண்டினார்கள். பிறகு அல்லோவா. அதுவும் பெனால்டி. ஊரே கொண்டாடியது.

அடுத்த சீசனில் யார் யாரோடு மோத வேண்டும் என்ற பட்டியல் வந்தபோதுதான் சமாசாரம் புரிந்தது. 2015இல் ஸ்காட்டிஷ் கப் வென்ற இன்வர்னஸ் அதில் இருந்தது. டண்டீ யுனைடெட்டும் இருந்தது. பார்சிலோனாவோடு போட்டி ஆட்டங்களில் நாலு முறை மோதி, நாலிலும் ஜெயித்த அணி அது. பார்சிலோனாவே கும்பிடு போட்ட இடத்துக்கு, வேலை முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பஸ் ஏறினார்கள்.

முடிவு: 36 ஆட்டம், 4 டிரா, 32 தோல்வி. வெற்றிக்கான கட்டத்தில் பெரிய பூஜ்யம். ஸ்காட்டிஷ் லீகில் ஒரு வெற்றிகூட இல்லாமல் ஒரு சீசனை முடித்த முந்தைய அணியைத் தேடினால் 1891-92க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வேல் ஆஃப் லீவன் அணியாவது 22 ஆட்டங்களோடு தப்பித்தது.

தோற்பதில் அந்த வட்டாரத்துக்குப் பழைய பரிச்சயம் உண்டு. ஆனால் அப்போது தோற்றவர்கள் வெளியூர்க்காரர்கள். 1885 செப்டம்பர் 12 அன்று ஆர்ப்ரோத், பான் அக்கார்டு என்ற அணியை 36-0 என்று துவைத்தது. ஜான் பெட்ரி என்ற 18 வயதுப் பையன் மட்டும் 13 கோல். ஆர்ப்ரோத் கோல்கீப்பர் வேலையில்லாமல் ஒரு குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்வார்கள். அன்றைக்கே டண்டீ ஹார்ப் இன்னோர் அணியை 35-0 என்று அடித்தது. முப்பத்தைந்து கோல் போட்டும் அன்றைய சாதனை கைக்கு வராத சோகம் அவர்களுடையது.

பிரீக்கின் ரசிகரின் சனிக்கிழமைக்கு வருவோம். ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் வருகிறவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அது ஸ்காட்ச் பை. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான கெட்டி மாவுக் கூடு, உள்ளே மிளகுக் காரத்தோடு கொத்துக்கறி. மேல்மூடி விளிம்பைவிடக் கொஞ்சம் இறங்கி இருக்கும்; அந்தப் பள்ளத்தில் சாஸ் ஊற்றிக்கொள்ளலாம். கடித்தால் சூடான கொழுப்பு மணிக்கட்டு வரை வழியும். ஸ்கோர் 0-3 ஆகும் தருணத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்காத கோல் பாதி கோல்.

ஏறியது ஒரு படி, இறங்கியது மூன்று. 2018இல் ஒன்று, 2019இல் இன்னொன்று. 2020இல் லீக் டூவிலும் கடைசி. லீகில் நீடிக்க ஆட வேண்டியிருந்த பிளே-ஆஃப் கொரோனாவால் ரத்தானதில் தப்பியது. 2021இல் அப்படிச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. கெல்டி ஹார்ட்ஸிடம் தோற்று, லீகை விட்டே வெளியேறி, வடக்கே ஹைலேண்ட் லீகில் போய் விழுந்தது.

அங்கே போனதும் அணிக்கு ஜெயிப்பது எப்படி என்று நினைவு வந்துவிட்டது. 2023இல் ஹைலேண்ட் லீக் சாம்பியன்! திரும்ப மேலே ஏற மறுபடியும் பிளே-ஆஃப். ஸ்பார்டன்ஸ் என்ற எடின்பரோ அணி குறுக்கே நின்று, அந்த விபத்து நடக்காமல் பார்த்துக்கொண்டது. இத்தனை வருஷக் களேபரத்தில் ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் நின்றது அந்த வேலி ஒன்றுதான்.