நீரோட்டம் பார்க்கும் மாப்பிள்ளை

எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வருவார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் ஆயிரம் அடி இறக்க வேண்டியது. தண்ணீருக்குப் பதில் வெறும் புழுதி வந்தால் அது நம் ஜாதகம். அவர் அதற்குள் அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பார்.

என் தங்கை வீட்டுக்காரர் எங்கள் வெள்ளகோவில் வீட்டு ஆசாரத்தில் செல்போனை அப்படித்தான் ஏந்திக்கொண்டு நடக்கிறார். 2020-ல் ஊரடங்குக்கு வந்த மென்பொருள் மாப்பிள்ளை. பெங்களூர் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை; இவரும் ஞாபகப்படுத்தவில்லை.

இந்த ரகத்தை இப்போது எல்லா ஊரிலும் பார்க்கலாம். "நெட் வருதா?" என்று கேட்டால் நம்மைப் போன்ற ஜனம். "பிங் எவ்வளவு?" என்று கேட்டால் அவர்கள். நீர்மூழ்கிக் கப்பல் சத்தம் விட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிற மாதிரி, ஒரு துணுக்கை அனுப்பிவிட்டு, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் என்று எண்ணுவதுதான் பிங். 1983-ல் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கிடாவிருந்துப் பந்தியில் இவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பாவம்.

வீட்டில் மூன்று வெள்ளைப் பெட்டிகள். ஒன்று ஆசாரத்தில், ஒன்று மாடியில், ஒன்று பொடக்காளிக்கு அந்தப் பக்கம் தறிக்குடோனில். மூன்றும் சேர்ந்தால் மெஷ். சுவர்கள் தாத்தா கட்டியவை, ஒன்றரை அடி கருங்கல். வைஃபைக்கு வழி விடச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெட்டிகள் காற்றிலேயே ஒன்றிடமிருந்து வாங்கி இன்னொன்றிடம் கொடுக்கின்றன. ஒரே வாயால் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தாண்டலிலும் வேகம் பாதியாகிவிடுமாம். "பேசாம கேபிள் இழுத்துரலாமுங்களே மாப்பிள்ளை" என்றேன் ஒருநாள். பரம்பரை வைத்தியரிடம் போய், கசாயம் வேண்டாம், ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடுமே என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நோய் இதுதான். பிங் 12-லேயே அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 900-க்கு ஏறும். அரை நிமிஷம். என் மகள் விளையாட்டில் செத்துப்போவாள். தங்கையின் மீட்டிங்கில் மேலதிகாரி திறந்த வாயோடு உறைந்து நிற்பார். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

முதல் பழி அம்மாவின் மைக்ரோவேவ் அடுப்பின் மேல் விழுந்தது. வைஃபையும் அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்துக் குடித்தனம். "ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்னு ஒரு ஊருங்க அத்தை. பெரிய ரேடியோ தொலைநோக்கி. 1998-ல இருந்து அதுல என்னமோ மர்மமான சிக்னல் வந்துட்டே இருந்துதுங்க. 2015-லதான் தெரிஞ்சுது. அங்க வேலை செய்யறவங்க சோறு சூடு பண்றப்ப, ஓவன் நிக்கறதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க, அவ்வளவுதான்!"

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "அப்ப தேடுனவனும் சூடு பண்ணுனவனும் ஒரே ஆளுங்களா மாப்பிள்ளை?"

அதற்குப் பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. அடுப்பை அட்டாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு ஏறியும் பிங் இறங்கவில்லை.

அடுத்தது சேனல். ஒன்றா, ஆறா, பதினொன்றா என்று மூன்று இரவு. பிறகு தறி மோட்டார்கள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், இந்திய விமானப்படை. 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ராடாருக்கும் பொதுவாம். ராடார் மாதிரி ஒரு துடிப்பு காதில் விழுந்தால் போதும், பெட்டி இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அதே மாதிரி இன்னொரு சேனலுக்குப் போனால், ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டபிறகுதான் வாய் திறக்கலாம். "சூலூர்ல ஏர்ஃபோர்ஸ் இருக்குதுங்க மச்சான்" என்று குரலைத் தாழ்த்தினார். அன்றைக்கு எங்கள் வீட்டு நெட்டில் நாட்டின் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது.

மகள் மட்டும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணி எழுதிக்கொண்டு வந்தாள். 6.00. 6.15. 6.30. தறிக்கும் ராடாருக்கும் இவ்வளவு ஒழுக்கம் ஏது?

தாராபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் போய்விட்டார். தறி ஓடியது. அம்மா அட்டாரியிலிருந்து அடுப்பை இறக்கிப் பால் சூடு பண்ணினாள். பிங் 12. அவர் திரும்பி வந்து லேப்டாப்பை விரித்த கால் மணி நேரத்தில் மகள் விளையாட்டில் செத்தாள்.

"மாமா, உங்க லேப்டாப் என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வேகம் சரியா வருதான்னு கால் மணிக்கு ஒருக்கா தானா டெஸ்ட் பண்ணும்."

வேக டெஸ்ட் என்றால் லைன் முழுவதையும் அடைத்துப் பார்ப்பது. முத்தூர் ரோட்டில் பத்து நூல் லாரியை ஒரே சமயத்தில் விட்டு, ரோடு அகலம் போதுமா என்று பார்க்கிற மாதிரி. பால் கேனோடு பின்னால் வருகிற டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரன் நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்பதைத்தான் மனிதர் நான்கு மாதமாகச் சிவப்புக் கோட்டில் வரைபடம் போட்டு வைத்திருந்தார்.

அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "அந்த ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி உடுங்க மாப்பிள்ளை."

டெஸ்ட்டை நிறுத்தினார். நெட் குறையில்லாமல் ஓடுகிறது. மனிதருக்குத்தான் முகத்தில் களையில்லை. ஒரு வாரம் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். நேற்றுக் காலை காம்பவுண்டுச் சுவரோரம் அவர் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, உங்க ஊட்டு நெட்டு அப்பப்ப நின்னு நின்னு வருதுங்களா?"

"அப்படியொண்ணும் இல்லீங்களே தம்பி."

"கவனிச்சிருக்க மாட்டீங்க" என்று சொல்லி, செல்போனை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டைத் திறந்தார்.