கோணல் முதுகுக்கு நேர் பதில்கள்

கே: 13 வயது மகளுக்கு ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கியிருக்கிறது. புத்தக மூட்டைதானே காரணம்?
ப: மூட்டை தோளை வலிக்க வைக்கும், முதுகெலும்பை முறுக்காது. முதுகெலும்பு வளையும் ஸ்கோலியோசிஸ் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணமே தெரியாது. மூட்டையைத் திட்டியது போதும், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
ப: முடியும். காலைச் சேர்த்து, கையைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். விலாவில் ஒரு பக்கம் மட்டும் மேடு தட்டினால் சந்தேகம். 1865-ல் வில்லியம் ஆடம்ஸ் என்ற டாக்டர் சொல்லிவைத்த சோதனை. இன்றும் செலவு பூஜ்யம்!

கே: “நேரா உட்காருடா” என்று தினமும் திட்டுகிறேன். பலனில்லையே?
ப: திட்டினால் முகம்தான் கோணும். கூன் போடுவது பழக்கம். ஸ்கோலியோசிஸோ முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகிக்கொள்வது. பிள்ளை மேல் பழி போடாதீர்கள்.

கே: வளைந்த முதுகுக்கென்றே பயிற்சி கண்டுபிடித்த டாக்டர் யார்?
ப: டாக்டர் அல்ல, நோயாளி! ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1894-ல் பிறந்த காத்தரினா ஷ்ரோத். பதின்ம வயதிலேயே இரும்புச் சட்டம் மாட்டிவிட்டார்கள். பலூன் உப்புவதைப் பார்த்த பெண்ணுக்குப் பொறி தட்டியது. கண்ணாடி முன் நின்று, மார்பில் குழிந்த பக்கத்துக்குள் மூச்சை நிரப்பப் பழகினார். 1921-ல் மைசன் நகரில் மற்றவர்களுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தார். பிறகு மேற்கு ஜெர்மனியின் சோபர்ன்ஹைமில் மகள் கிறிஸ்டாவோடு சிகிச்சை நிலையம். வலித்தவருக்குத்தான் வழி தெரிந்தது.

கே: யோகா போதாதா?
ப: யோகா பொதுவாக இரு பக்கத்துக்கும் சமநீதி வழங்கும். வளைவுக்கு அந்த நியாயம் கிடையாதே! ஷ்ரோத் முறையில் குழிந்த பக்கத்துக்கு ஒரு வேலை, புடைத்த பக்கத்துக்கு வேறு வேலை. எக்ஸ்ரே பார்த்து, அளவெடுத்துத் தைக்கும் சட்டை அது. யூடியூபைப் பார்த்துச் செய்தால், யாரோ ஒருவர் முதுகுக்கு உங்கள் பிள்ளை பயிற்சி செய்யும்.

கே: எத்தனை டிகிரிக்கு என்ன வைத்தியம்?
ப: எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் ‘காப் கோணம்’ 10 டிகிரி தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ். வளரும் வயதில் 25 வரை கண்காணிப்பும் பயிற்சியும். அதற்கு மேல் 40, 45 வரை பிரேஸ், அதாவது முதுகை இறுக்கிப் பிடிக்கும் கவசம். 50-ஐ நெருங்கினால் ஆபரேஷன் பேச்சு வரும்.

கே: பயிற்சி ஒழுங்காகச் செய்கிறேன். பிரேஸ் வேண்டாமே, ப்ளீஸ்! (ஒன்பதாம் வகுப்பு மாணவி)
ப: கோடை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்காருவது லேசல்ல, கண்ணு. ஆனாலும் கணக்கைக் கேள். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தவர்கள் பிரேஸ் தரப்பில் 72 சதவீதம், பிரேஸ் போடாதவர்களில் 48. நாளுக்கு 13 மணி நேரம், அதற்கு மேல் என்று போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். பயிற்சிக்கு இத்தனை பலமான சாட்சி இன்னும் சேரவில்லை. டாக்டர் பிரேஸ் சொன்னால் இரண்டும் வேண்டும். எலும்பு வளர்ந்து முடிந்ததும் பிரேஸுக்கு டாட்டா!

கே: “ஒரே மாதத்தில் நிமிர்த்துகிறோம்” என்று விளம்பரம் வருகிறதே?
ப: நிமிர்வது அவர்கள் வருமானம். ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தாலே 5 டிகிரி முன்னே பின்னே வரும். அந்த வித்தியாசத்தைக் காட்டியே காசு பறித்துவிடலாம்.

கே: மகன் ஓட்டப்பந்தய வீரன். நிறுத்திவிடவா?
ப: 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ்தான். டாக்டர் தடுக்காதவரை, ஷூவை எடுத்துக் கொடுங்கள்.