நீங்க முன்னாடி போங்க ப்ரோ!

சென்னைச் சாலையில் அவர் யாருக்கும் வழி விட்டதாகச் சரித்திரம் இல்லை. போரூர் சிக்னலில் அவர் காரை முந்தப் பார்த்துத் தோற்ற ஆட்டோக்காரர்கள் ஏராளம். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருக்கும் முன்பே, சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், "நீங்க முன்னாடி போங்க ப்ரோ" என்று மனமுவந்து சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது.

கார், பைக் பந்தயங்களுக்காக 1990-ல் திறக்கப்பட்ட பாதை அது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. இன்ஜின் உறுமாத ஏதாவதொரு ஞாயிறு விடியலில் சைக்கிள்காரர்களுக்கு அங்கே பந்தயம் வைக்க இடம் கிடைத்துவிடும். லாரி கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, ராங் சைடில் வரும் வண்டி கிடையாது. ஆகவே தோற்றால் பழி போடவும் ஆள் கிடையாது. நம்மவரைக் கேட்டால், அந்தப் பாதையின் ஒரே குறை அதுதான்.

ஐ.டி. கம்பெனி மேனேஜர். வயது நாற்பத்தைந்து. போன மாதம் கால் முடியை மழமழவென்று மழித்துக்கொண்டார். ஐரோப்பிய வீரர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். ஊரிலிருந்து வந்த அம்மா பார்த்துப் பதறிவிட்டாள்: "கால்ல என்னடா, ஆபரேஷனா?"

சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. இவருடைய கார்பன் சைக்கிள் அதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதல் இவர் தூக்கத்தைக் கெடுத்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து டைட்டானியம் போல்ட்டுகள் வாங்கி மாட்டி, நாற்பது கிராம் குறைத்தார். பந்தயத்துக்கு முந்தைய ராத்திரி, சக்தி சேமிப்பதற்காக ஒன்பது இட்லி சாப்பிட்டார். "என்னங்க, ஒரு இட்லிய விட்டிருந்தா அந்த போல்ட்டு காசு மிச்சமாயிருக்குமே" என்றார் மனைவி. விளையாட்டு அறிவியல் தெரியாதவர்களோடு அவர் வாதாடுவதில்லை.

பந்தயம் பத்து சுற்று. விசில் ஊதியாயிற்று. இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் தேவைப்படுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போய்விடும். அவர் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் வருகிறவருக்கோ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். அதாவது முன்னால் போகிறவர் தியாகி. பின்னால் வருகிறவர் புத்திசாலி. சரி, முப்பது புத்திசாலிகள் ஒரே பந்தயத்தில் சேர்ந்தால்?

சம்பந்திகள் இருவரும் வாசலில் நின்று "நீங்க மொதல்ல", "இல்லல்ல, நீங்க மொதல்ல" என்று உபசரித்துக்கொள்வதுபோல் ஆகிவிடும். வேகம் குறைந்துகொண்டே வரும். முன்னால் மாட்டிக்கொண்டவர் முழங்கையை ஆட்டிப் பின்னால் இருப்பவரைக் கூப்பிடுவார். நம்மவருக்குச் சரியாக அப்போதுதான் தாகம் எடுக்கும். அடுத்த முறை கூப்பிட்டால் ஷூவைக் குனிந்து பார்ப்பார். அதற்கடுத்த முறை இருமல்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் சீறிக்கொண்டு முதலிடத்துக்கு வருவார். அங்கேதான் போட்டோகிராபர் நிற்கிறார். அவரைத் தாண்டிய அடுத்த வளைவிலேயே பழையபடி கூட்டத்துக்குள் பதுங்கிவிடுவார். "நரேன் கார்த்திகேயன் ஓட்டின ட்ராக் இது, தெரியுமில்ல?" என்று மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்தவும் தவறமாட்டார். கார் பந்தய வீரரான கார்த்திகேயன் அங்கே யாரையும் "முன்னாடி போங்க" என்று உபசரித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது சுற்றிலேயே ஒரு கல்லூரிப் பையன் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டான். யாரும் துரத்தவில்லை. துரத்தினால் முன்னால் போகவேண்டுமே!

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் அதுவரை மிச்சம் பிடித்த பலத்தையெல்லாம் முப்பது பேரும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். இவர்கள் வந்து சேரும் முன்பே அந்தப் பையன் எல்லையைத் தொட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, பாதி இளநீரும் குடித்திருந்தான். இரண்டாம் இடத்துக்கு நடந்தது மகா யுத்தம். நம்மவர் பல்லைக் கடித்து, தலையைக் குனிந்து, கோட்டருகே சைக்கிளை ஓர் உந்து உந்தி, மயிரிழையில் ஒருவரை வீழ்த்திப் பதினேழாவதாக வந்தார். உறுதி செய்துகொள்ள வீடியோவையும் போட்டுப் பார்த்தார்.

அப்புறம் பெங்களூர் ஹைவேயில் பொங்கல், வடை, காரண காரிய ஆராய்ச்சி. டயரில் காற்று அதிகம். கியர் ஒன்று குறைச்சல். முக்கியமாக எதிர்க்காற்று. வட்டமாகச் சுற்றிவரும் பாதையில் காற்று ஒரு பக்கம் எதிர்த்தால் மறுபக்கம் தள்ளித்தானே ஆகவேண்டும் என்று நாம் நினைப்போம். அவர் அனுபவம் வேறு. 12 வளைவிலும் அவருக்கு எதிர்க்காற்றுதான்.

இவரைப் போன்ற ஒருவர் உங்கள் அலுவலகத்திலோ அடுக்ககத்திலோ நிச்சயம் இருப்பார். திங்கட்கிழமை லிப்டில் பார்த்தால் "எத்தனையாவதா வந்தீங்க?" என்று கேட்டு அவரை நோகடிக்காதீர்கள். "காத்து எப்படி சார் இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஆனால் உங்கள் மாடி வந்ததும் இறங்கிவிடுங்கள்.