பலாவில் ஒளிந்த ராஜாவும் ஓக்கில் ஒளிந்த ராஜாவும்

அத்தான் இங்கிலாந்து போய் வந்ததிலிருந்து அவர் முன்னால் உள்ளூரில் எதையும் வாய்விட்டுப் புகழ முடிவதில்லை. மகனுக்கு ஷ்ராப்ஷயர் கவுன்டியில் வேலை. அங்கே ஊருக்கு ஊர் பழைய சர்ச்சாம், பழைய கல்பாலமாம், கிராமத்து டீக்கடையில்கூடப் பூந்தொட்டியாம். "சத்தமே கிடையாதுடே. நாய்கூட காரணம் இல்லாம குரைக்காது" என்பார். மார்த்தாண்டம் ஜங்ஷனில், ஆரன் சத்தத்துக்கு நடுவே நின்று இதைக் கேட்பது தனிக் கொடுமை. நமக்கும் சரித்திரம் உண்டு, அதுவும் பஸ் போகிற தூரத்திலேயே உண்டு என்று காட்ட, அவரைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிவது கண்ணுக்குத் தெரியாது. காதுக்கும் பிடிபடாது, இந்தப் பக்கத்துத் தமிழும் அந்தப் பக்கத்து மலையாளமும் கொண்டும் கொடுத்தும் ரொம்ப நாளாகிவிட்டது. லாட்டரிக் கடை தென்பட்டால் இஞ்சிவிளை வந்துவிட்டது, கேரளத்துக்குள் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். கேரள அரசு 1967-லிருந்து லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003-ல் அதைத் தடை செய்தது. அன்றிலிருந்து எங்கள் மாவட்டத்துக்காரர்களின் அதிர்ஷ்டம் வெளிமாநிலத்தில்தான் குடியிருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் நம் தலைவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டது. அது நிற்பது தமிழ்நாட்டு மண். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வீடு நம்ம ஊரில், சாவி அவர்கள் இடுப்பில்.

எல்லைக்கோட்டை மனிதர்களுக்குச் சொன்னவர்கள் சாமிகளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேலும், வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் பல்லக்கிலும் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். முதல் ராத்திரி குழித்துறை, மறுராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில். களியக்காவிளையில் கேரள போலீஸ் அணிவகுத்து நின்று மரியாதை செய்து வரவேற்கும். அதே இடத்தில் என் ஸ்கூட்டரை நிறுத்தி ஆர்.சி. புத்தகம் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தச் சரஸ்வதி போய் உட்காரும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். வித்தைக்கு அதிபதி ஒரு பெண். அவளை யானை மேல் வைத்து அழைத்துவருவார்கள். அவள் முன்னால் பாட மட்டும் பெண் ஆகாது. 2006-ல்தான் அது உடைந்தது. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சரஸ்வதி வருஷா வருஷம் பாறசாலை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பாறசாலையில் அத்தானுக்குப் பிடித்தது வேறு சங்கதி. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ் 1845-ல் இங்கே வந்து ஊழியம் செய்தார் என்றேன். "வெள்ளக்காரன் அந்த அமைதிய விட்டுட்டா இங்க வந்தான்?" என்று திகைத்துப் போனார். வந்ததோடு விடவில்லை, தன் 22 வருஷத் திருவிதாங்கூர் அனுபவத்தைப் பிற்பாடு புத்தகமாகவும் போட்டார். அத்தான் விசா முடியும்வரைதான் அங்கே இருந்தார். புத்தகம் போடவில்லை, வாய்வழியாகவே வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்.

உதியன்குளங்கரையிலிருந்து திரும்பினால் செங்கல். வயலும் தென்னையுமான ஊரில் 111 அடிக்கு மேல் உயரமாக ஒரு சிவலிங்கம். உள்ளே ஏறிப் போகலாம். தளம் தளமாகச் சன்னதிகள், உச்சியில் கைலாசம். கட்டி முடித்துச் சில வருஷங்கள்தான் ஆகிறது என்றதும் அத்தான் முகம் சுளித்தார். இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்குக் குறைந்த எதையும் அவர் நின்று பார்ப்பதில்லையாம்.

முந்நூறு வருஷமா? இருக்கட்டும் என்று நெய்யாற்றின்கரைக்கு நடத்தினேன். கிருஷ்ணசாமி கோயில். சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். ஷ்ராப்ஷயரில் மூன்றடுக்கு உடுப்பில் திரிந்தவர், சட்டையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கியபடி வந்தார். வளாகத்துக்குள்ளேதான் அம்மச்சிப் பிலாவு நிற்கிறது. பட்டுப்போன பலாமரம், அடியில் பெரிய பொந்து. பட்டத்துக்கு வருவதற்கு முன்னால், பகைத்து நின்ற பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா இந்தப் பொந்துக்குள் ஒளிந்தார் என்பது ஐதீகம். ஒளியச் சொல்லி வழிகாட்டியவன் ஒரு சிறுவன், அவன்தான் கிருஷ்ணன், அந்த நன்றிக்கு எழுந்தது இந்தக் கோயில். தப்பியவர் 1729-ல் அரசரானார், 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார்.

"இது நம்ம போஸ்கோபல் கதையாக்கும்!" என்றார் அத்தான். அவர் சொன்னது சரிதான். 1651-ல் வூஸ்டர் சண்டையில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ், ஷ்ராப்ஷயரில் போஸ்கோபல் வீட்டுப் பக்கம் ஓர் ஓக் மரத்தில் ஏறிப் பகல் முழுக்கப் பதுங்கியிருந்தார். கூட ஒரு கர்னல். கையில் ரொட்டி, சீஸ், கொஞ்சம் பீர். கீழே கிராம்வெல்லின் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருக்க, மேலே ராஜா கர்னல் மடியில் தலைவைத்துத் தூங்கினாராம். 1660-ல் முடி திரும்பியது. ஜனங்கள் ராஜபக்தி மிகுந்துபோய் ஞாபகத்துக்கு ஆளுக்கொரு கிளையாக வெட்டிக்கொண்டு போனதில் மரமே காலி. இப்போது நிற்பது அதன் வாரிசு என்கிறார்கள். அதைப் பார்க்க டிக்கெட். நம் ஆட்கள் மரத்தைக் கும்பிட்டதால் கட்டையாவது மிஞ்சியது.

ஒளிவதற்கு எது உசத்தி என்று எங்களுக்குள் வாக்குவாதம். ராஜாவைத் தேடுகிறவன் அண்ணாந்து பார்ப்பானே தவிரக் குனிந்து பொந்துக்குள் பார்க்கமாட்டான் என்பது என் கட்சி. சார்லஸாவது ரொட்டி கொண்டுபோனார். மார்த்தாண்ட வர்மாவுக்குப் பசித்தால்? நல்ல சக்கைச் சீசனாக இருந்திருந்தால் உள்ளே இருந்தவருக்கு வாசனையே போதும், சீசன் இல்லாவிட்டால் பட்டினிதான் என்றார் அத்தான். பலாப்பழம் இன்று கேரளத்துக்கும் மாநிலப் பழம், தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம். இந்த ஒன்றில் மட்டும் எல்லைத் தகராறு கிடையாது.

அங்கிருந்து அருவிப்புரம். 1888 சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கிக் கல்லெடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம். ஈழவர் பிரதிஷ்டை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் கேரளத்தையே புரட்டிப் போட்டது. ஆறும் பாறையும் தவிர அங்கே வேறு பேச்சில்லை. அத்தானாலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

வழியில் ஒரு கடையில் சாயாவும் ஏத்தக்காய் அப்பமும் சொல்லிவிட்டு, பரவசத்தோடு மகனை வீடியோ காலில் பிடித்தார். "மக்களே, இங்கயும் ஒரு ராஜா மரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்காருடே! கண்ணால பாத்தேன்!"

"ராஜாவையாப்பா?"

"மரத்த!"

"டிக்கெட் எவ்வளவு?"

"டிக்கெட்டெல்லாம் கிடையாது. சட்டையக் கழத்தணும், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மகன் கேட்டான்: "அப்பா, இப்ப சட்ட போட்டிருக்கீங்களா? பக்கத்துல என் டீம் லீடர் நிக்கிறாரு."