மருமவனே, அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டு

வா மருமவனே, உக்காரு. உங்க அத்தை கருப்பட்டிக் காப்பி போடுதா. அதுக்குள்ள அந்தத் தாளைக் காட்டு பாப்போம். கூட்டாளி ரெண்டு பேரோட ஐரோப்பா பூரா ரயிலுலயே சுத்தப் போறேன்னு டீக்கடை வரைக்கும் சேதி வந்தாச்சு. முப்பத்தாறு வருசம் ரயில்வேயில பாயிண்ட்ஸ்மேனாக் கெடந்த மாமனுக்குத்தான் கடைசியா வந்து சேந்திருக்கு. பரவால்ல. லேட்டா வந்த வண்டிக்கும் சிக்னல் குடுத்துத்தானே ஆவணும்.

லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், பிளாரன்ஸ், ரோம், சூரிச். எத்தனை ஆச்சு? 11. நாளு எத்தனை? 14. அடேயப்பா! எங்க காலத்துத் தபால் பை கூட இந்த வேகத்துல ஊர் மாறாது. அதுக்காவது ஒவ்வொரு ஊர்லயும் ஒரு முத்திரை விழும். உனக்கு என்ன விழும்னு நினைக்க? கண்ணுக்குக் கீழ கருவளையம்.

கோவிச்சுக்காத. மணியாச்சி சந்திப்புல நின்னுக்கிட்டு ஊருக்குப் போறவன் மூஞ்சியையும், போயிட்டு வாரவன் மூஞ்சியையும் என் அளவுக்குப் பாத்தவன் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது. அதனால ஒரு கணக்குச் சொல்லுதேன். 11 ஊருன்னா 10 தடவை பொட்டி கட்டணும். ஓட்டல்காரன் காலையில 11 மணிக்கெல்லாம் வெளிய போம்பான். அடுத்த ஊர்க்காரன் மத்தியானம் 3 மணிக்கு மேல உள்ள வாம்பான். நடுவுல உள்ள நேரத்துல நீ ஓட்டலுக்கும் சேத்தியில்ல, ஊருக்கும் சேத்தியில்ல. பொட்டிக்குக் காவல்காரன், அவ்வளவுதான். ஒரு ஊர் மாத்தத்துக்கு அரை நாளுன்னு வை. 10 மாத்தத்துக்கு 5 நாளு போச்சா? மிச்சம் 9. 9 நாளுல 11 ஊரு பாக்கணும். சந்தைக்குப் போற ஆட்டு யாவாரி லாரியில இருந்தே ஊரை எண்ணுத மாதிரி எண்ணிக்கிட்டே போவலாம். ஊரை எண்ணாதல மாப்ள, ராத்திரிய எண்ணு. உங்கிட்ட இருக்கது 13 ராத்திரி.

அந்த லண்டனை முதல்ல அடி. அதுக்குத் தனி விசா. ஷெங்கன் விசான்னு ஒண்ணு எடுத்தா 29 நாட்டுக்குள்ள சுத்தலாம், இங்கிலாந்து அதுல கிடையாது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துல இல்ல, ஆனா ஷெங்கனுக்குள்ள இருக்கு. சில பங்காளி கல்யாணப் பந்திக்கு முதல் ஆளா வருவான், சொத்துப் பத்திரத்துல மட்டும் கையெழுத்துப் போடமாட்டான்ல, அந்த மாதிரி. விசாவ எவன்கிட்ட கேக்கன்னா, எந்த நாட்டுல அதிக நாள் தங்குதியோ அவன்கிட்ட. எல்லாத்துலயும் சம நாளுன்னா, முதல்ல காலை வைக்கிற நாட்டுக்காரன்கிட்ட. புறப்படுததுக்கு 6 மாசம் முந்தியே மனு போடலாம். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாம மருத்துவக் காப்பீடு வேணும். பாஸ்போர்ட்டு, திரும்பி வந்த பெறவும் 3 மாசம் செல்லணும், அதுல 2 பக்கமாவது வெறுமையா இருக்கணும். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கியா? மக வீட்டுக்கு ஜெர்மனி போயிட்டு வந்தவம்லே நான். கேட்டுக்கோ.

அடுத்து, பாஸு. யூரெயில் பாஸ் ஒண்ணு வாங்கிட்டா 33 நாட்டு வண்டியிலயும் ஏறலாம்னு உன் கூட்டாளி சொன்னானாக்கும். சரிதான். ஒரு மாசத்துக்குள்ள 4 நாளு, 5 நாளு, 7 நாளுன்னு பயண நாளைக் கணக்குப் பண்ணி விக்கான். அங்கன குடியிருக்கவனுக்கு அதே சரக்குக்குப் பேரு இன்டர்ரெயில். 27 வயசு வரைக்கும் உள்ளவனுக்கு நல்ல கழிவு உண்டு. நீ அதைத் தாண்டி நாலு வருசம் ஆவுது, நெத்தியப் பாத்தாலே தெரியுது. 60 வயசு ஆனவனுக்கு 10 சதவீதம் கழிவு உண்டாம். சும்மா சொல்லி வைக்கேன்.

ஆனா பாஸ் கையில இருந்தாப் போதும்னு நினைச்சிராத. பிரான்சுல டிஜிவி, இத்தாலியில ஃபிரெச்சாரோஸா, ஸ்பெயின்ல ஆவே, இந்த மாதிரி வேக வண்டிக்கெல்லாம் இடம் பதிய மேக்கொண்டு காசு கட்டணும். விருந்துக்குப் பத்திரிகை வந்தாச்சு, இலைக்கு மட்டும் தனிக் காசுங்கிற கதை. யூரோஸ்டார்ல பாஸ்காரனுக்குன்னு ஒதுக்குத இடமே கொஞ்சந்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துல பெரும்பாலும் நேரா ஏறி உக்காரலாம். இன்னொண்ணு, தேதியில உறுதியா நிக்கிறவன் தனித்தனி டிக்கெட்டைப் பல மாசம் முந்தியே வாங்கினா அதுவே மலிவாப் போயிரும். காலையில ஒரு ஊரு, மத்தியானம் ஒரு ஊருன்னு மனசு மாறுதவனுக்குத்தான் பாஸு. உன் மனசு எப்படின்னு எனக்குத் தெரியும், பொண்ணு பாக்கப் போன கதையிலயே பாத்தாச்சு.

ஊர்ப் பேரு ஒரு பெரிய கூத்து. பலகையில வியன்னான்னு தேடாத, வீன்னு போட்டிருக்கும். பிளாரன்ஸ்னா அவனுக்கு ஃபிரென்ஸே. பிராக்னா பிராஹா. மியூனிக்குன்னு நாம சொல்லுத ஊரை இத்தாலிக்காரன் மோனாக்கோம்பான். கோடீசுவரன் படகு கட்டி நிக்கிற கடற்கரை மோனாக்கோன்னு நினைச்சு ஏறினியோ, ஆல்ப்ஸ் மலையத் தாண்டி இறக்கிவிட்டு, கையில பீர் சட்டியக் குடுப்பான். ஃபிராங்க்ஃபர்ட்டு ரெண்டு இருக்கு. மைன் ஆத்தங்கரையில ஒண்ணு, போலந்து எல்லையில ஓடர் ஆத்தங்கரையில ஒண்ணு. வெனிசுக்கும் ரெண்டு டேசன். மெஸ்த்ரே கரையில கெடக்கு. சாந்தா லூச்சியாதான் தண்ணிக்கு நடுவுல. அதுக்குப் போற ரயில் பாலம் 1846-ல தொறந்தது, நம்ம பழைய பாம்பன் பாலத்துக்கு அறுபத்தெட்டு வருசம் மூத்தது. பாரிசுல சென்ட்ரல்னு ஒரு டேசனே கிடையாது. எழும்பூரும் சென்ட்ரலும் மாதிரி திசைக்கொண்ணா அரை டசன் வச்சிருக்கான். வடக்க இருந்து வாரவன் கார் து நோர்ல இறங்கணும். சுவிட்சர்லாந்து போறவன் கார் து லியோன்ல ஏறணும்.

அங்கன சில வண்டிய நடுவழியில ரெண்டாப் பிரிப்பான், முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு. ஒவ்வொரு பெட்டி வாசல்லயும் போற ஊரு எழுதியிருக்கும். படிச்சுட்டு ஏறு. நம்ம மணியாச்சியிலயும் அப்பல்லாம் குருவாயூர் வண்டியில இருந்து தூத்துக்குடிப் பெட்டியக் கழட்டுவோம். எத்தனை தூத்துக்குடிக்காரன் பெட்டி மாறி உக்காந்து, தூங்கிக்கிட்டே திருநெல்வேலி போய் முழிச்சிருக்கான் தெரியுமா? திரும்பி வந்து திட்டுனது அவனைய இல்ல, என்னைய.

பொட்டிய ஒண்ணோட நிறுத்து. கூலிக்குத் தூக்க அங்கன ஆள் வரமாட்டான். வெனிஸ்ல சக்கரப் பொட்டி பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்கணும். பல டேசன்ல கழிப்பறைக்கே சில்லறை கேப்பான், பையில நாணயம் வச்சுக்கோ. இத்தாலியில உள்ளூர் வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினா, ஏறும் முந்தி பிளாட்பாரத்து மிசினுல முத்திரை குத்து. மறந்தா அபராதம். ராத்திரி வண்டி நல்லதுதான், ஓட்டல் காசு மிச்சம். ஆனா மலிவான பெட்டியில ஒரு அறைக்கு ஆறு பேரு. உன் குறட்டைக்கு மத்த அஞ்சு பேரையும் நினைச்சுப் பாரு.

இப்ப நான் சொல்லப் போறதை மட்டும் காதைத் தீட்டிக் கேளு.

மக வீட்டுல இருக்கும்போது அவ ஒரு நாள் சுவிட்சர்லாந்து கூட்டிட்டுப் போறேன்னா. கூர்னு ஒரு ஊரு. அங்கன வண்டி மாறி, பெர்னினா மலையத் தாண்டி இத்தாலி எல்லையில திரானோவுல இறங்கணும், அதான் திட்டம். நல்ல கெட்டிக்காரப் பொண்ணுதான், ஆனா நடுவுல ஜெர்மனியில 8 நிமிசத்துல வண்டி மாறணும்னு டிக்கெட் போட்டுட்டா. ஜெர்மன்காரன் கடிகாரம் தப்பாதுன்னு நாம எல்லாம் நினைச்சிருக்கோம்லா? 2024-ல அவன் நெடுந்தூர வண்டியில நூத்துக்கு 62.5 தான் நேரத்துக்கு வந்துருக்கு. அதுலயும் ஆறு நிமிசத்துக்குக் கீழ தாமதம்னா தாமதமாவே எழுதமாட்டான்! எங்க வண்டி முக்கா மணி லேட்டு. பிடிக்க வேண்டிய வண்டி போச்சு, அடுத்ததுல கூட்டம், அதுக்கடுத்தது இன்னொரு லேட்டு. 60 நிமிசம் தாமதம்னா டிக்கெட்டுக் காசுல கால்வாசி, 120 நிமிசம்னா பாதி திருப்பித் தரணும்னு அங்கன சட்டம் இருக்கு. காசு வந்துச்சு. போன பகலு வரல.

கூருக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். அந்த டேசன் கடிகாரம் மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்கி. ஹான்ஸ் ஹில்ஃபிக்கர்னு ஒரு என்ஜினியர் 1944-ல வரைஞ்சதாம். பெறவு சேத்த சிவப்பு வினாடி முள்ளு, அந்த ஊரு டேசன்காரன் வண்டியக் கிளப்பக் கையில புடிச்சுக் காட்டுன வட்டத் தட்டு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் 12-ல வந்து ஒரு கணம் அப்படியே நிக்கும், நிமிச முள்ளு நகந்த பெறவுதான் மறுபடி கிளம்பும். அதைப் பாத்துக்கிட்டே பக்கத்துப் பிளாட்பாரத்துல கண்ணைப் போட்டேன். சிவப்பு வண்டி ஒண்ணு நிக்கி. கீழ தண்டவாளத்தைப் பாத்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

மீட்டர் கேஜுலே!

நம்ம ஊருல பேத்தெடுத்து எடைக்குப் போட்ட அதே அளவு. 1,000 மில்லிமீட்டர். குனிஞ்சு ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவ கண்ணாலயே அளந்தேன். மக பதறிப்போய்க் கையப் புடிச்சு இழுக்கா, பாக்கவன் எல்லாம் கெழவன் விழப் போறான்னு நினைக்கான். இங்கன பழசுன்னு தள்ளுனதை அவன் அங்கன மின்சாரம் குடுத்து மலை மேல ஓட்டுதான். 1910-ல முழுசாத் தொறந்த பாதை அந்த பெர்னினா பாதை. 2,253 மீட்டர் உசரம் ஏறும், ஆயிரம் மீட்டருக்கு எழுபது மீட்டர் ஏத்தம், பல்சக்கரம் கிடையாது. நம்ம ஊட்டி வண்டி பல்சக்கரத்தைப் புடிச்சுத்தான் ஏறும். அந்தப் பல்சக்கர முறையக் கண்டுபிடிச்ச ரோமன் ஆப்ட்டும் சுவிட்சர்லாந்துக்காரன்தான். ஊட்டி வண்டி 2005-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு, இது 2008-ல சேந்துச்சு. தம்பி முறைன்னு வச்சுக்கோயேன்.

கூர்ல இருந்து போற வழியில லாண்ட்வாசர்னு ஒரு கல் பாலம், 65 மீட்டர் உசரம். வளைஞ்சு போய் நேரா மலைச் சுவத்துக்குள்ளயே நுழைஞ்சிரும். அப்புறம் பனி மலை, பெறவு இறக்கம். புரூசியோவுல வண்டி தன் வாலத் தானே பாத்துக்கிட்டு ஒரு முழு வட்டம் போட்டு இறங்குதாம். கடைசியில திரானோவுல கோயில் வாசலைக் கடந்து, தேர் மாதிரித் தெருவுலயே போவுமாம். மக படம் காட்டிச் சொன்னது. நாங்க அன்னைக்கு ராத்திரியே திரும்பிட்டோம், அவளுக்கு மறுநாள் வேலை.

அவ சொன்ன இன்னொரு ரகசியம் உனக்கு மட்டும் சொல்லுதேன். பெர்னினா எக்ஸ்பிரஸ்னு கண்ணாடிக் கூரை போட்டு ஒரு வண்டி விடுதான். அதுக்கு இடம் பதியத் தனிக் காசு. அதே தண்டவாளத்துல உள்ளூர் வண்டியும் போவுது. பதிவு வேண்டாம், பாஸு செல்லும். சன்னலைக் கீழ இறக்கித் தலைய நீட்டாம வேடிக்கை பாக்கலாம். கண்ணாடிக் கூரை வண்டியில சன்னல் தொறக்காது. காசு குடுத்துக் கண்ணாடியப் பாக்கணுமா?

அந்தத் தாளைத் திருப்பு. பின்பக்கம் எழுது. பாரிசுக்கு விமானத்துல போய் இறங்கு. 4 ராத்திரி. அங்கன இருந்து சூரிச் வழியா கூர். 3 ராத்திரி. அதுல ஒரு நாளு மழை வந்தாலும் இன்னொரு நாளு வெயில் அடிக்கும். பெர்னினா வண்டியில திரானோ, அங்கிருந்து மிலான் ரெண்டரை மணி நேரம், வெனிஸ்ல 2 ராத்திரி, ரோம்ல 4 ராத்திரி. விமானம் ரோம்ல இருந்து. வந்த வழியே திரும்பிப் போய் ஏறாத, அது கிணத்தடியில மறந்து வச்ச வாளிய எடுக்கப் போற வேலை. 4-ம் 3-ம் 2-ம் 4-ம் 13. விசா இத்தாலிக்காரன்கிட்ட கேளு. மாத்தத்துக்கு நடுவ அரைமணி, முக்கா மணி விடு. பெர்லினும் பிராக்கும் எங்கயும் போயிராது.

என்ன, மூஞ்சி சுருங்குது? ஏழு ஊரு குறைஞ்சிருக்கே, எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட்டியா? ஏழு ஊரு வண்டிக் காசு, லண்டன் விசாக் காசு. ஒரு ஆளு செலவுல பாதிக்காவது வரும்.

அந்த மலை வண்டியில இருக்கை ரெண்டும் ரெண்டும் எதிரெதிர. நீங்க மூணு பேரு. நாலாவது இடம் சும்மா கெடக்கும், அதுவும் சன்னலோரம். உங்க அத்தைக்குக் குளிர் ஆகாதுன்னு நேத்தே அவளாச் சொல்லிட்டா, நான் ஒண்ணும் கேக்கல. காப்பி ஆறுது, குடி. பாஸ்போர்ட்டு பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருக்கு. அவன் கேக்கது 2 பக்கந்தானே? எனக்கு முப்பது பக்கம் வெறுமையாக் கெடக்குலே.